கைக்குழந்தையிடம் பேசுவது வீண் பேச்சல்ல

பால் கொடுத்தாயிற்று, குளிப்பாட்டியாயிற்று, தூங்கவும் வைத்தாயிற்று. கைக்குழந்தைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஒன்றும் புரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால், பேச்சு வராத அந்த வயதில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. பிறக்கும்போது குழந்தையின் மூளை, எடையில் பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். இரண்டு வயதிற்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது.

மூளை எப்படி வளர்கிறது?

மூளை அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்தால்தான் வேலை செய்யும். அந்த இணைப்புகளைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை போல நினைத்துக்கொள்ளலாம். ஆள் நடக்க நடக்கப் பாதை தெளிவாகும். நடக்காமல் விட்டால் லாலான் மூடிவிடும். குழந்தை ‘ங்கா’ என்கிறது, நாம் அதன் முகம் பார்த்துப் பதில் சொல்கிறோம். அழுகிறது, தூக்கிச் சமாதானப்படுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு பாதையில் ஆள் நடக்கிறது. அழுதும் யாரும் வராமலே போகும் நிலை நீடித்தால், பதற்றத்தைத் தூண்டும் சுரப்பிகள் ஓயாமல் வேலை செய்யும். கற்கும் திறனையும் அது பாதிக்கும்.

ஜமைக்கா காட்டிய உண்மை

இதற்குப் பணம் வேண்டுமா? ஜமைக்கா நாட்டின் தலைநகர் கிங்ஸ்டனில் 1986-87இல் தொடங்கிய ஆய்வு நமக்கு நல்ல பாடம். ஏழைக் குடும்பங்களில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம் மெக்ரிகர் குழுவினர் தேர்ந்தெடுத்தனர். எல்லாரும் 9 முதல் 24 மாதம் வரையிலான பிள்ளைகள். சிலருக்குப் பால் மாவு மட்டும் கொடுக்கப்பட்டது. சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் சென்று, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. சிலருக்கு இரண்டுமே இல்லை. விளையாட்டுப் பொருள்களில் பல, வீட்டில் தூக்கிப் போடும் பொருள்களைக் கொண்டே செய்யப்பட்டவை.

இரண்டு ஆண்டுகளில் திட்டம் முடிந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தாயோடு பேசி விளையாடி வளர்ந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால் மாவு மட்டும் பெற்றவர்களின் வருமானத்தில் அப்படி உயர்வு இல்லை. சத்துணவு அவசியம்தான். ஆனால் அது மட்டும் போதாது.

யார் கையில் விடுகிறோம்?

அன்று தாய்மார்கள் விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போனபோது, பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் இருந்தார்கள். ஓர் ஆயாவிடம் பல குழந்தைகள். அவரைக் குறை சொல்வதற்கில்லை, இரண்டு கைதானே அவருக்கு! இன்று தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறோம். பிள்ளை பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ, பராமரிப்பு மையத்திலோ வளர்கிறது. மாதம் எத்தனை ரிங்கிட் என்று கேட்கும்போதே, ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். மையங்களில், ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முடிந்தவரை ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பழகிய முகமும் பழகிய குரலும்தான் குழந்தைக்குத் தைரியம்.

வீட்டில் செய்யக்கூடியவை

வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோருக்கு இது இன்னொரு சுமையாகத் தோன்றலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது கை, கால், மூக்கு என்று சொல்லிக் கொடுங்கள். சமைக்கும்போது ஒரு சட்டியையும் கரண்டியையும் தட்ட விடுங்கள். தாலாட்டுப் பாடுங்கள், குரல் எப்படி இருந்தாலும் பிள்ளைக்கு அது இனிமைதான். வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். அப்பாவும் தாத்தாவும் பேசட்டும். சோறு ஊட்ட கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. கைப்பேசி பாடும், ஆனால் பிள்ளையின் முகம் பார்த்துப் பதில் சொல்லாது.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலோ, மழலை ஒலி எழுப்பாமலோ இருந்தால், அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக் தாதியிடம் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு இரண்டு மூன்று வயது கடந்துவிட்டதே என்று மனம் தளர வேண்டாம். மூளை அதன் பிறகும் கற்றுக்கொண்டுதான் இருக்கும். சீக்கிரம் தொடங்கினால் சுலபம், அவ்வளவுதான். இன்று இரவு பிள்ளையைத் தூங்க வைக்கும்போதே தொடங்கலாம்.