கல்லில் பொறித்த கணக்கும் நம் ஆலயக் கணக்கும்

திருவிழாக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்த ஆலயத்திற்குள் நுழைந்தாலும் ஒரு காட்சியைக் காணலாம். எரியும் குழல் விளக்கிலும், சுவரில் பதித்த பளிங்குப் பலகையிலும், அன்னதானப் பந்தலின் பதாகையிலும் உபயகாரர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். இதை வெறும் விளம்பர ஆசை என்று எள்ளுவோரும் உண்டு. ஆனால், இவ்வழக்கத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

சாவாத ஆடுகள்

சோழர் காலத்தில் இறைவன் சந்நிதியில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமெனில், அன்பர்கள் பெரும்பாலும் 96 ஆடுகளைத் தானமாக அளித்தனர். அவற்றைப் பெற்ற இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் தர வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடுகள் சாகாமலா இருக்கும்? இறந்த ஆட்டுக்குக் குட்டி ஈடாக, மந்தையின் எண்ணிக்கை என்றும் குறையலாகாது என்பதே அதன் பொருள். முதல் கரையாமல் பலனைக் கொண்டு தருமம் நடத்தும் இம்முறையைத்தான் இன்று வங்கியில் நிரந்தர வைப்புத்தொகை என்கிறோம். கட்டளைக்கென்று ஒதுக்கிய முதலைக் கட்டடச் செலவுக்கு எடுக்கும் நிர்வாகத்தினர் இந்த ஆட்டுக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் செய்வித்த ஏற்பாடு இன்னும் வியப்புக்குரியது. தான் கொடுத்தவற்றை மட்டுமன்றித் தன் தமக்கை குந்தவை, தேவியர், அலுவலர் ஆகியோர் அளித்தவற்றையும் அம்மன்னன் கல்லில் வெட்டச் செய்தான். ஒவ்வோர் அணிகலனின் எடையும் முத்துகளின் எண்ணிக்கையும் அங்கே உள்ளன. கோத்த நூலும் பதித்த அரக்கும் எடையில் சேர்ந்தனவா என்பதுகூட விடுபடவில்லை. மாமன்னனே கணக்குக் காட்டியிருக்கிறான்!

உத்திரமேரூர் தரும் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, எதுவும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரியைக் காக்க ஒரு வாரியமும், தோட்டத்திற்கு ஒரு வாரியமும், பொன்னின் தரம் பார்க்க ஒரு வாரியமும் இருந்தன. பதவிக் காலம் 360 நாள்கள்.

யார் நிற்கக் கூடாது என்பதில்தான் அந்தச் சபை மிகக் கண்டிப்பாக இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் பதவி வகித்தவரும் விலகி நிற்க வேண்டும்.

அச்சபையில் குறை இல்லாமல் இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணரே அதில் இடம்பெற்றனர். பெண்களுக்கும் ஏர் பிடித்த உழைப்பாளருக்கும் வாய்ப்பில்லை. இன்றைய ஆலயச் சங்கங்களின் கதவு அவ்வாறு அடைக்கப்பட்டதன்று. எனினும், கணக்கைப் பற்றிய அந்தக் கண்டிப்பை நாம் கைவிட்டுவிடலாமா என்பதே கேள்வி.

நம் மண்ணில்

மலேசியாவில் சங்கமாகப் பதிவு பெற்ற ஆலயங்கள் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்திற்கு உட்பட்டவை. ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். ஆனால், தேர் நாளில் ஆயிரக்கணக்கில் திரளும் கூட்டம், ஆண்டுக்கூட்டத்தன்று எங்கே போகிறது? பல இடங்களில் நாற்காலிகளே மிகுதி. அன்று வராதவர்கள், பின்னர்க் காப்பிக் கடையில் அமர்ந்து நிர்வாகத்தைக் குறை கூறுவதில் பயனில்லை. சோழர் கணக்கு வருவோர் போவோர் கண்ணில் படும் சுவரில் இருந்தது. நம் கணக்கோ அலமாரிக் கோப்பில் உறங்குகிறது. வரவு செலவை ஆலய வாசலில் ஒரு பலகையில் ஒட்டி வைத்தால் பாதிப் பூசல் தீர்ந்துவிடும்.

மற்றொரு கடமையும் உண்டு. கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயம் 1873இல் தோன்றியது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே ஊழியத்திற்கு வந்த யாழ்ப்பாணத்தவர் கந்தசுவாமிக்குக் கோயில் எழுப்பினர். கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதுகிறது. இவற்றோடு, பால்மரம் வெட்டிய கைகள் காசு சேர்த்து எழுப்பிய தோட்டத்துக் கோயில்கள் எத்தனை! திருப்பணியின்போது பழைய சுவரை இடிக்கையில், அம்மக்களின் பெயர் எழுதிய பலகைகளும் குப்பையோடு போகின்றன. தமிழ்நாட்டிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் சிமெண்டிலும் மறைந்த கல்வெட்டுகள் பல. இடிப்பதற்கு முன் பெயர்களைப் படியெடுப்பதும் படம் பிடித்து வைப்பதும் ஒருநாள் வேலை. தவறவிட்டால் மீட்க வழியில்லை.

கும்பாபிஷேகத்திற்கு ஆயத்தமாகும் ஆலயங்கள், தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்து இப்பணியை ஒப்படைக்கலாம். தன் பாட்டனின் பெயரும் அவர் கொடுத்த இரண்டு வெள்ளியும் ஒரு பழைய பலகையில் இருப்பதைக் கண்ட பிள்ளை, ஆலயத்தை இன்னொருவர் வீடாக எண்ணாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் இடையன் அளந்த உழக்கு நெய்யை இன்று நாம் அறிவது, அன்று யாரோ ஒருவர் அதைத் தவறாமல் எழுதி வைத்ததால் அன்றோ? திருவிழா முடிந்து தோரணங்களைக் கழற்றும்போது, அந்தக் கடமையையும் நினைவிற் கொள்வோமாக.