திருமணமானால் வேலை தற்காலிகம்: பெண் ஆசிரியர்கள் சங்கம் கண்ட கதை

கெடாவில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் என்று எந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் ஆசிரியர் அறையில் பெண்களே அதிகம். அவர்களில் பலர் பால்மரம் சீவிய தாய்க்குப் பிறந்த பிள்ளைகள். மாதம் பிறந்தால் ஆணுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். திருமணம் செய்துகொண்டாலும் நிரந்தர வேலை. 2024 பிப்ரவரிக்கு முன் நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பணி ஓய்வுக்குப் பிறகு ஓய்வூதியம். இன்று இதை யாரும் ஒரு சலுகையாக நினைப்பதில்லை.

ஆனால் நம் நாடு சுதந்திரம் பெற்ற 1957-இல் இந்த மூன்றுமே ஆசிரியைகளுக்கு உறுதியாக இல்லை. ஒரு சங்கம் அமைத்து, ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெற்ற உரிமைகள் இவை. அந்தச் சங்கத்தின் பெயர் மலாயா பெண் ஆசிரியர் சங்கம். அதன் தோற்றுநர் தலைவர் ஈப்போவில் பிறந்த ஒரு தமிழ்ப்பெண், ராசம்மா பூபாலன்.

ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு

பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது தோட்டத்து மக்களுக்குப் பழகிய கணக்கு. 1920-களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளர்களுக்கென முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை சரிந்தபோது அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கூலி ஏறினாலும் இறங்கினாலும் பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்ற விகிதம் மட்டும் மாறவில்லை.

படித்து, பயிற்சி பெற்று, அரசாங்க வேலைக்குப் போன பெண்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. ஒரே கல்வித் தகுதி, ஒரே பாடம், ஒரே எண்ணிக்கையில் மாணவர்கள் என்றாலும் ஆசிரியைக்குச் சம்பளம் குறைவு. "குடும்பத்தைக் காப்பவன் ஆண், பெண்ணின் சம்பளம் கைச்செலவுக்கு" என்பது அன்றைய நியாயம். விதவைத் தாயையும் தம்பி தங்கைகளையும் தன் ஒரே சம்பளத்தில் காப்பாற்றிய ஆசிரியைகள் அந்த நியாயத்தின் கண்ணில் படவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 50 வெள்ளி குறைவு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 600 வெள்ளி. 30 ஆண்டுப் பணியில் 18,000 வெள்ளி. அந்தக் காலத்தில் அது ஒரு வீட்டுக்கான பணம்.

இதைவிடக் கொடியது திருமண விதி. நிரந்தரப் பணியில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் அந்த நிரந்தரத் தகுதியை இழப்பார். அதே பள்ளியில், அதே வகுப்பில், தற்காலிக ஊழியராகத் தொடரலாம். ஆனால் வேலைக்கு உறுதி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கழுத்தில் தாலி ஏறிய நாளில் அவர் படித்த படிப்போ அனுபவமோ குறைந்துவிடவில்லை; குறைந்தது அவருடைய தகுதிநிலை மட்டுமே.

ஏன் தனிச் சங்கம்?

ஆசிரியர்களுக்குச் சங்கமே இல்லாமல் இருந்ததில்லை. தேசிய ஆசிரியர் சங்கம் 1954-லேயே தோன்றிவிட்டது. ஆனால் ஆணும் பெண்ணும் கலந்த சங்கத்தில் பெண்ணின் சம்பளக் குறை பல கோரிக்கைகளில் ஒன்றாகிவிடும். பேச்சுவார்த்தையில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் முதலில் தள்ளிப்போவதும் அதுதான். தங்கள் குறையை முதல் கோரிக்கையாக வைக்க ஓர் அமைப்பு தேவை என்று ஆசிரியைகள் உணர்ந்தார்கள். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் அமைந்தது.

அதற்குத் தலைமை ஏற்ற ராசம்மா 1927-இல் பிறந்தவர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943-இல் இங்கு வந்து ஜான்சி ராணி படையைத் திரட்டியபோது, பதின்ம வயதிலேயே அதில் சேர்ந்து பர்மா வரை போனவர். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கிய அந்தப் படையில் தோட்டத்துப் பெண்களும் பட்டணத்துப் பெண்களும் ஒரே சீருடையில் நின்றார்கள். போருக்குப் பிறகு ராசம்மா படித்து ஆசிரியையானார். பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகவும் இருந்தார்.

சம வேலைக்குச் சம சம்பளம், திருமணமான பெண்ணுக்கும் நிரந்தரப் பணி என்பவை சங்கத்தின் தலையாய கோரிக்கைகள். 1963-இல் பல்லினப் பெண்கள் அமைப்புகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்த தேசிய மகளிர் அமைப்புகள் மன்றம் உருவானது. அதன் உருவாக்கத்திலும் ராசம்மாவுக்குப் பங்கு உண்டு. இதனால் ஆசிரியைகளின் கோரிக்கை தாதியர், அலுவலக ஊழியர் என எல்லா அரசாங்கப் பெண் ஊழியர்களின் கோரிக்கையாக வலுப்பெற்றது.

1969-இல் அரசாங்கப் பணியில் சம சம்பளக் கொள்கை நடைமுறைக்கு வரத் தொடங்கியது. திருமணமான பெண்களின் நிரந்தரப் பணிக்கும் அக்காலக்கட்டத்தில் வழி பிறந்தது. சங்கம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றி இது.

கடல் கடந்த ஒரு சகோதரிகள் சங்கம்

இதே குறைகள் அமெரிக்காவிலும் இருந்தன. அங்கும் பல ஊர்களில் திருமணமான ஆசிரியைகள் வேலையை விட வேண்டியிருந்தது. தலைமைப் பதவிகள் ஆண்களுக்கே போயின. டெக்சஸ் மாநிலத்தில் ஆன்னி வெப் பிளான்டன் என்ற ஆசிரியை 1918-இல் மாநிலக் கல்வித் தலைமை அதிகாரி பதவிக்குத் தேர்தலில் நின்று வென்றார். அம்மாநிலம் முழுமைக்குமான ஒரு பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. 1929 மே 11-ஆம் தேதி ஆஸ்டின் நகரில் அவரும் மற்ற 11 ஆசிரியைகளும் சேர்ந்து டெல்டா கப்பா காமா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

இது தொழிற்சங்கம் அன்று. ஒரே தொழிலில் உள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் சகோதரிகளாக நிற்கும் அமைப்பு. மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம், இளம் ஆசிரியைகளுக்கு மூத்தவர்களின் வழிகாட்டல், தலைமைத்துவப் பயிற்சி, கல்விச் சட்டங்களில் கருத்துச் சொல்வது ஆகியவை அதன் பணிகள். பிறகு ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, ஜப்பான் என்று பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவியது. 1947-இல் ஆல்பா டெல்டா கப்பா என்ற இன்னோர் ஆசிரியைகள் அமைப்பும் அங்கே தோன்றியது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. தொழிற்சங்கம் சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவற்றுக்காக அரசாங்கத்திடம் பேசும். சகோதரிகள் சங்கம் ஆசிரியையின் கையைப் பிடித்து அடுத்த படிக்கு ஏற்றிவிடும். நம் ஆசிரியைகள் முதலாவதைப் போராடிக் கட்டினார்கள். இரண்டாவதைச் சிறு அளவிலாவது நாம் கட்ட வேண்டிய நேரம் இது.

இன்று கெடாவில் என்ன தேவை?

அரசாங்க ஆசிரியைகளின் சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிட்டாலும் "தற்காலிகம்" என்ற சொல் போய்விடவில்லை. ஒப்பந்த ஆசிரியர்களும் மாற்று ஆசிரியர்களும் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்திடும் கடிதத்தில் பணிக்காலம், விடுப்பு, ஊழியர் சேமநிதி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தாலே பெரிய உதவி.

அடுத்து, பாலர் பள்ளி ஆசிரியைகள். கோயில் மண்டபத்திலும் தனியார் வீடுகளிலும் நடக்கும் பாலர் பள்ளிகளில் நம் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். 1969-இல் வந்த மாற்றம் அரசாங்க ஊழியர்களுக்கானது. அது இவர்களைத் தொடவில்லை. இவர்களுக்குத் துணை தொழிலாளர் சட்டங்கள்தாம். 2025 ஆகஸ்ட் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் எல்லா முதலாளிகளுக்கும் 1,700 ரிங்கிட். 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டப்பட வேண்டும். "சேவைதானே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது பழைய 40 காசுக் கணக்கின் தொடர்ச்சியே. பாலர் பள்ளி நடத்தும் கோயில் நிர்வாகங்களும் இயக்கங்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கட்டணம் குறைவு, வருமானம் போதவில்லை என்றால் ஊர் சேர்ந்து அந்தச் சுமையைப் பகிரலாம்; ஆசிரியை ஒருவர் மட்டும் அதைச் சுமக்கக்கூடாது.

மூன்றாவது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் போனபின் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள். அங்கே ஆசிரியர்களும் சிலரே. பாடம் நடத்துவது, விளையாட்டு, புறப்பாடம், கணினியில் தகவல் பதிவது என்று ஒருவரே பல வேலை பார்க்கிறார். கூலிமில் ஒரு பள்ளியில் தயாரித்த பயிற்சித் தாள் பாலிங்கில் உள்ள பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தால் இரண்டு ஆசிரியைகளின் இரவு நேரம் மிச்சமாகும். அதற்குப் பெரிய கட்டடமோ பதிவோ தேவையில்லை; மாதம் ஒருமுறை கூடும் வழக்கம் போதும்.

நான்காவது, பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள். முப்பது ஆண்டு அனுபவம் 60 வயதில் வீட்டுக்குள் முடங்கிவிடக் கூடாது. புதிதாகப் பணிக்கு வரும் பெண்ணுக்கு வகுப்பறை நிர்வாகத்தையும், ஆசிரியர் பயிற்சிக் கழக நேர்காணலுக்குப் போகும் மாணவிக்கு அதற்கான தயாரிப்பையும் கற்றுத்தர அவர்களைவிடச் சிறந்தவர் யார்?

ராசம்மா பூபாலனே இதற்கு ஒரு முன்னுதாரணம். ஒய்.டபிள்யூ.சி.ஏ. வழியாக, படிப்பைத் தொடர முடியாத ஏழைப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டார். தன் சம்பளத்துக்காகப் போராடிய ஆசிரியை, சம்பளமே இல்லாத பெண்ணையும் மறக்கவில்லை.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற சொல் சேர்க்கப்பட்டது 2001-இல்தான். சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல் ஏறும் முன்பே, 1960-களில் அதைச் சம்பளச் சீட்டில் ஏற்றக் கேட்டவர்கள் நம் ஆசிரியைகள். உங்கள் வீட்டில் ஆசிரியை ஆக விரும்பும் பெண்பிள்ளை இருந்தால் இந்த வரலாற்றை அவளிடம் சொல்லுங்கள். பணியில் சேர்ந்த முதல் மாதமே சங்கத்தில் உறுப்பினராகவும் சொல்லுங்கள்.