மின்னணு நாதமும் செவியின் தீர்ப்பும்

புனே நகரில் கணக்கெழுதும் உத்தியோகத்திலுள்ள இளைஞர் ஒருவர், தாம் உருவாக்கிய பதினோரு நிமிட இசைப்பதிவு ஒன்றைச் சென்ற ஆண்டு எனக்கு அனுப்பியிருந்தார். "தயவு தாட்சணியம் பாராமல் குறைகளைச் சொல்லுங்கள், சார்" என்பது அவருடைய வேண்டுகோள். அவர் முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர். பகலெல்லாம் கணக்குப் புத்தகம். இரவில் மடிக்கணினியும் சிறிய சிந்தசைசர் ஒன்றும். நான் மூன்று நிமிடம் கேட்டேன், பிறகு நிறுத்திவிட்டேன். "இதில் ராகமும் இல்லை, லயமும் இல்லை, இதை இசை என்று எவ்வாறு சொல்வது?" என்று இரண்டே வரிகள் எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது. அதன் பின் அவரிடமிருந்து பல மாதங்களுக்கு எதுவும் வரவில்லை.

மூன்று நிமிடத்தைக் கேட்டுவிட்டுப் பதினோரு நிமிடத்துக்குத் தீர்ப்பு வழங்கியது பிழை. அதனினும் பெரிய பிழை, அவர் தருவதாகச் சொல்லாத ஒன்றை அவரிடம் கேட்டது. கதகளி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அதில் ஏன் வசனம் இல்லை என்று குறை கூறுவாரும் உண்டோ?

இத்தகைய இசைக்கும் வானொலிக்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை நேயர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1948-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், பிரெஞ்சு வானொலியில் பொறியாளராய் இருந்த பியேர் ஷெஃபர் என்பவர், ரயில் எஞ்சின்களின் ஓசைகளைப் பதிவு செய்து, அவற்றை வெட்டியும் திருப்பியும் அடுக்கியும் ஓர் இசைப்படைப்பை ஒலிபரப்பினார். அன்று அவர் கையாண்டது ஒலிநாடாவைக்கூட அன்று, இசைத்தட்டையே. பின்னர் ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில், கருவியால் மட்டுமே பிறப்பிக்கப்பட்ட ஒலிகளைக் கொண்டு இசை அமைத்தார்கள். ஸ்டாக்ஹௌசன் 1956-இல் ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலியையும் இணைத்துச் செய்த படைப்பு இவ்விரு நெறிகளையும் ஒன்றாக்கியது.

நம் நாட்டிலும் இது புதிதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில், 1969-இல், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. ராபர்ட் மூக் என்பவரின் பெயர் தாங்கிய சிந்தசைசர் அங்கே இருந்தது. இதில் முன்நின்றவர்களில் ஒருவரான கீதா சாராபாய் இந்திய இசையில் தேர்ந்தவர். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் இசையைப் பற்றிக் கற்றுத் தந்து, அவரிடமிருந்து மேனாட்டு இசையைக் கற்றவர். அவரோடு ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஒலிகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் இட்ட தலைப்புக்களே சுவையானவை: ஒன்று பறவைகளைப் பற்றியது, ஒன்று விண்வெளிக் கப்பலைப் பற்றியது, ஒன்று முன்பொரு சமயம் மீட்டிய தம்பூராவைப் பற்றியது. அந்த ஒலிநாடாக்கள் பல்லாண்டுகள் கழகத்தின் காப்பகத்திலேயே உறங்கின. தேர்ந்தெடுத்த சில பகுதிகள் இசைத்தட்டாக வெளிவந்தது 2023-இல்தான். நெடுங்காலம் அவற்றைக் கேட்டுக் கருத்துச் சொல்ல வெளியாரிற் பெரும்பாலோருக்கு வாய்ப்பில்லை. புகழ்ச்சியும் இல்லை, கண்டனமும் இல்லை. இவ்விரண்டில் எதுவுமின்றி ஒரு கலை எங்ஙனம் வளரும்?

புதிய கருவி என்றாலே நாம் ஐயுறுவது பழைய வழக்கம். நம் வானொலியே 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. கட்டைக்குக் கட்டை தாவும் அக்கருவியால் கமகத்தை வழங்க இயலாது என்பது எதிர்ப்பாளர் கூறிய காரணங்களுள் ஒன்று. அதில் நியாயமும் உண்டு. ஆனால் மின்னணு அலையியற்றிக்கு இந்தக் குறை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் சுருதியும் இழைந்து உயரும். இரண்டு சுரங்களுக்கு இடையேயுள்ள எந்த இடத்திலும் அது நிற்கும். அன்றியும், இன்று கச்சேரி மேடைகளில் மின்னணுச் சுருதிப்பெட்டி ஒலிக்கும்போது எவரும் முகம் சுளிப்பதில்லை. எனவே, இயந்திரத்தில் பிறந்த ஒலி என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

இந்த எண்ணங்கள் உறுத்தவே, அந்தப் பதிவை எடுத்து முழுமையாக மும்முறை கேட்டேன்.

அது பிரஷர் குக்கரின் சீழ்க்கையில் தொடங்குகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில், காலை எட்டு மணிக்கு, ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலிருந்தும் ஒவ்வொரு சுருதியில் எழும் சீழ்க்கைகளை அவர் பதிவு செய்திருக்கிறார். பிறகு அவற்றை எட்டு மடங்கு மெதுவாக ஓடவிட்டிருக்கிறார். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும்; எட்டில் ஒன்றாக்கினால் மூன்று ஸ்தாயி இறங்கும். காதைத் துளைக்கும் சீழ்க்கை இவ்வாறு ஆழ்ந்த ரீங்காரமாகிவிடுகிறது. நான் நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

நான்காம் நிமிடத்தில் இரண்டாவது ரீங்காரம் ஒன்று சேர்கிறது. அது முதலாவதோடு ஏறக்குறைய ஒத்த சுருதி; ஆனால் முற்றும் ஒத்ததன்று. விநாடிக்கு 110 அதிர்வுள்ள ஒலியும் 112 அதிர்வுள்ள ஒலியும் ஒருங்கே ஒலித்தால், அவற்றின் கூட்டொலி விநாடிக்கு இருமுறை பெருகி அடங்கும். இதனை விம்மல் என்பர் பௌதிக நூலார். தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கும் எவரும் இதை நன்கு அறிவர். தந்திகள் ஒன்றோடொன்று நெருங்க நெருங்க விம்மல் தளர்ந்து, இறுதியில் மறைந்துவிடும். சுருதி சேர்ந்தது என்பதற்கு அதுவே அடையாளம். நம் இளைஞர் அந்த ஒரு கணத்தை இரண்டு நிமிடங்களுக்கு விரித்திருக்கிறார். முதலில் துரிதமாகத் துடிக்கும் ஒலி, மத்திம காலத்துக்கும் பிறகு விளம்பத்துக்கும் இறங்கி, ஒரு பெருமூச்சைப் போல அடங்குகிறது. மிருதங்கமும் இல்லை, தட்டும் கையும் இல்லை. சுருதியினின்றே லயம் பிறக்கிறது. லயம் இல்லை என்று நான் எழுதியது இந்தப் பகுதியைக் கேளாமல் எழுதியது.

இனி, குறைகள். சுருதி சேர்ந்து அமைதி பிறந்த மாத்திரத்தில், ஒரு சித்தார் துள்ளிக்கொண்டு வருகிறது. அது அவர் வாசித்ததன்று. மென்பொருளோடு ஆயத்தமாகக் கிடைக்கும் துணுக்கு. அதையே பதினாறு முறை மாற்றமின்றித் திருப்புகிறார். ஆலாபனையில் ஒரு பிடியைத் திரும்பப் பாடும் வித்துவான் அதை ஒருபோதும் முன்போலவே பாடுவதில்லை. இயந்திரமோ முன்போலவே பாடும். இந்திய இசை என்று அறிவிக்கச் சித்தார் தேவை என அவர் கருதினார் போலும். குக்கர் சீழ்க்கையினும் இந்தியத் தன்மை வாய்ந்த ஒலியும் உண்டோ! அடுத்து, எட்டாம் நிமிடம் முதல் எல்லாவற்றின்மீதும் கனத்த எதிரொலியைப் பூசியிருக்கிறார். பழகாத சமையற்காரர் குழம்பில் மசாலாவைக் கூட்டுவது போல, சிந்தனை தளர்ந்த இடங்களிலெல்லாம் பலர் எதிரொலியைக் கூட்டுகிறார்கள். முடிவும் முடிவாக இல்லை. ஒலியளவைக் குறைத்துக்கொண்டே போய் நழுவிவிடுகிறார்.

இவை அனைத்தையும் நிமிடக் கணக்கோடு எழுதினேன். முதற்கடிதத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். சித்தாரை நீக்குங்கள், எதிரொலியைக் களையுங்கள், விம்மல் அடங்கும் இடத்திலேயே முடியுங்கள் என்றேன். நான்காம் நிமிடம் வரை ஒரு நொடியையும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன்.

இரண்டு திங்கள் கழித்துப் புதிய பதிவு வந்தது, ஏழே நிமிடம். சித்தார் இல்லை. விம்மல் அடங்கியபின் ஒரேயொரு சீழ்க்கை, மெதுவாக்கப்படாமல், உள்ளபடியே ஒலித்து நிற்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. என் யோசனையினும் அது மேலானது. எதிரொலியை மட்டும் அவர் விடவில்லை. அது கணினி தந்ததன்று, தங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளில் உண்மையாகவே எழுவது, ஆகையால் அது இருக்கட்டும், சார், என்று எழுதியிருக்கிறார்.