முப்பது நாள் லீவும் இருநூறு லிட்டர் கடலும்

முசஃபாவில் தண்ணீர் என்றால் பம்ப், வால்வு, பைப் என்றுதான் முதலில் நினைவு ஓடும். அபுதாபிக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கும் இந்தத் தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் யார்டும் மெக்கானிக் ஷெட்டும் ஏசி ஒர்க்‌ஷாப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதை ஒட்டிய ஷாபியாவிலும் முகமது பின் சாயித் சிட்டியிலும் குடும்பத்தோடு வசிக்கும் ஒருவர், ஹாலின் ஓரத்தில் பவளத் தொட்டி ஒன்றை வைத்திருந்தால், அவர் செய்வது யோசித்துப் பார்த்தால் ஒரு விநோதமான காரியம். அபுதாபியில் குழாயில் வருவதே வளைகுடாக் கடலிலிருந்து உப்பை நீக்கிய நீர்தான். அதை ஆர்ஓ ஃபில்டரில் இன்னொரு முறை சுத்தம் செய்து, வாளியில் வாங்கிய செயற்கைக் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் திரும்பக் கரைக்கிறார். இருநூறு லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு. நீக்கிய உப்பைக் காசு கொடுத்து மறுபடியும் சேர்க்கும் இந்த வேலை பதினொரு மாதம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. சிக்கல் ஜூலையில் வருகிறது. பள்ளிக்கூடம் மூடுகிறது, ஆண்டுக்கு 30 நாள் லீவு என்று சட்டம் சொல்கிறது, ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. பூனையைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். பவளத்தை அப்படி விட முடியாது, கூடவே கொண்டு போகவும் முடியாது. இந்தியாவில் பாறை கட்டும் பவள இனங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே அது இருந்த இடத்திலேயே, ஆளில்லாமல், கோடையின் உச்சத்தைக் கடந்தாக வேண்டும்.

இதற்குக் கடைக்காரரும் நண்பர்களும் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே: இன்னொரு கருவி வாங்குங்கள். தானாக நீர் நிரப்ப ஒன்று, தானாகத் தீனி போட ஒன்று, தானாக ரசாயனம் ஊற்ற ஒன்று, எல்லாவற்றையும் போனில் காட்ட இன்னொன்று. இந்தப் பதிலில் பாதிதான் சரி. நெடுநாள் ஆளில்லாத தொட்டி எதுவும் செய்யப்படாததால் சாவதைவிட, ஏதோ ஒரு கருவி தன் வேலையை நிறுத்தாமல் செய்ததால் சாவதே அதிகம் என்பது என் கணிப்பு. ஆகவே லீவுக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்தக் கருவி நன்றாக வேலை செய்யுமா’ என்பதல்ல. ‘இது புத்தி கெட்டுப் போனால் அதிகபட்சம் எவ்வளவு கெடுக்கும்’ என்பதே. முசஃபாவில் ஷட்டவுன் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிளாண்டில் ஒரு வால்வைப் பொருத்தும்போது, கரண்ட் போனால் அது திறந்து நிற்குமா மூடி நிற்குமா என்று முதலில் கேட்பார்கள். அதே ஆள் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்.

உப்பிலிருந்து தொடங்குவோம். ஏசி ஓடும் வறண்ட அறையில் இருநூறு லிட்டர் தொட்டி நாளுக்கு நான்கு லிட்டர் வரை ஆவியாக விடலாம். போவது வெறும் நீர். உப்பு அங்கேயே தங்குகிறது. 35 என்று இருந்த உப்பளவு ஐந்து நாளில் 39-ஐத் தொடும், பத்து நாளில் 44-ஐ நெருங்கும். (கணக்கில்தான் பத்து நாள். அதற்கு வெகு முன்பே தொட்டிக்கு அடியில் உள்ள சம்பில் நீர் வற்றி ரிட்டர்ன் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும்.) முசஃபாவுக்கு அருகே உள்ள கடலில் 42-க்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம், அங்கும் பவளம் வளர்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த உப்போடு பழகிய பவளம். கடையில் வாங்கிய இந்தோனேசியப் பவளத்துக்குப் பத்து நாளில் அந்தப் பழக்கம் வராது. எனவே தானாக நீர் நிரப்பும் கருவி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முப்பது நாளுக்கு 120 லிட்டர் ஆகும். ஃபிளாட்டில் அவ்வளவு பெரிய கேனை வைக்க இடமில்லை என்று ஆர்ஓ லைனையே நேராகத் தொட்டிக்கு இழுத்துவிடுகிறவர்கள் உண்டு. மிதவை சுவிட்சில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், இரவு முழுக்க நன்னீர் கொட்டும். கடல் குளமாகிவிடும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதே இடத்தில் 25 லிட்டர் கேன் ஒன்று இருந்தால் கணக்கு வேறு. மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டினாலும் உப்பு 31-க்கு இறங்கும். பவளம் சுருங்கும், சிலது வாடும், பெரும்பாலும் பிழைக்கும். அந்த 25 லிட்டரைத் தாங்கச் சம்பில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டால் தரையும் நனையாது. கேன் சிறிதாக இருப்பது இங்கே குறையல்ல, அதுவே காப்பு. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து நிரப்ப வேண்டும் என்ற தொல்லை அதற்கு நாம் கொடுக்கும் விலை.

வெப்பத்தில் விஷயம் இன்னும் நுட்பமானது. சில்லர் வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர், சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கே விடுகிறது என்று பார்க்க வேண்டும். அதே ஹாலில்தான். ஊருக்குப் போகும் அன்று பழக்க தோஷத்தில் ஏசியை அணைத்துவிட்டால், மூடிய அறையில் சில்லர் தன் சூட்டில் தானே வேகும். வெளியே 45 டிகிரியைத் தாண்டும் ஆகஸ்ட்டில் அது இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்குமா என்பது சந்தேகம். வளைகுடாவில் தொட்டியைக் காப்பது சில்லர் அல்ல, அறையின் ஏசி. ஆளில்லா வீட்டுக்கு ஏசியா என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு: 26-இல் வைத்து நாளுக்கு 24 யூனிட் இழுக்கிறது, யூனிட் 30 ஃபில்ஸ் என்று வைத்தால் மாதத்துக்கு 216 திர்ஹம். தொட்டியில் உள்ள ஒரு நல்ல பவளத்தின் விலையே அதைவிட அதிகமாக இருக்கும். போகும் முன் ஏசி ஃபில்டரின் மணலைத் தட்டிக் கழுவிவிட்டுப் போவது, புதிய சில்லர் வாங்குவதைவிட அதிகம் பயன் தரும்.

ஏசி நின்றால் என்ன என்பதற்கு விலை குறைந்த ஸ்டாண்ட்பை ஒன்று உண்டு: நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு விசிறி, 28 டிகிரியில் தானாக ஓடும்படி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் சூடு, இருநூறு லிட்டரைச் சுமார் 3 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. இதன் வலிமையைக் காட்ட ஆய்வுக்கூடம் தேவையில்லை. 2017 கோடையில் அபுதாபிக் கடலே அதைத் தலைகீழாகக் காட்டியது. அந்த ஆண்டு வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று தளர்ந்தது. காற்று குறைந்ததால் ஆவியாதல் குறைந்தது, கடல் ஆறவில்லை. வழக்கமாக 34, 35 டிகிரியைத் தாங்கும் பவளங்கள், வேறெங்கும் இருந்தால் எப்போதோ செத்திருக்கும் வெப்பத்தில் வாழப் பழகியவை, வாரக்கணக்கில் வெந்து வெளுத்தன. ஆய்வாளர்கள் கண்காணித்த அபுதாபிப் பாறைகளில் ஏறத்தாழ 73 சதவீதப் பவளம் அந்த ஒரு கோடையில் அழிந்தது. தூத்துக்குடிக் கடலோடிகள் ‘பார்’ என்று சொல்லும் பவளப் பாறையே காற்று இல்லாமல் போனால் நிலைக்காது எனும்போது, ஹாலில் இருக்கும் இருநூறு லிட்டரை என்னவென்று சொல்வது? விசிறி வேண்டும். ஆனால் விசிறி ஓடினால் கேன் சீக்கிரம் காலியாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கருவியின் நன்மை இன்னொன்றின் சுமை.

ஹீட்டருக்கு ஒரு வரி போதும்: கழற்றி வைத்துவிடுங்கள். அணையாமல் சிக்கிக்கொள்வது ஹீட்டரின் பிரசித்தமான வியாதி. 26 டிகிரி அறையில், பம்ப்களும் விளக்கும் தாமே சூடேற்றும் ஜூலைத் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை. அதை எடுத்துவிட்டால் சாவுக்கான ஒரு வழி அடைபடுகிறது, செலவு ஏதுமில்லாமல்.

ரசாயனம் ஊற்றும் பம்ப்பிலும் இதே தர்க்கம்தான், எண்கள் மட்டும் வேறு. கல் பவளங்கள் எலும்பு கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுக்கின்றன; அதை ஈடுகட்ட வேண்டும். இருநூறு லிட்டரில் காரத்தன்மையை ஒரு டிகிரி கேஎச் உயர்த்த ஏறத்தாழ 6 கிராம் சோடியம் பைகார்பனேட் ஆகும். நாளுக்கு அரை டிகிரி செலவாகும் தொட்டிக்கு மாதம் 90 கிராம். அந்த 90 கிராமையும் ஒரே பாட்டிலில் கரைத்து வைத்து, பம்ப் நிற்காமல் ஓடிவிட்டால் 15 டிகிரி ஏறும். தொட்டி அத்தோடு முடிந்தது. ஒரு வார அளவு மட்டும் பாட்டிலில் இருந்தால் ஏறுவது மூன்றரை டிகிரி. மோசம்தான், ஆனால் மீளக்கூடிய மோசம். விலை உயர்ந்த பம்ப் வாங்கியும் பெரிய பாட்டிலை வைக்கிறவரைவிட, சாதாரண பம்ப்போடு சிறிய பாட்டில் வைக்கிறவர் பாதுகாப்பாக இருக்கிறார்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு, வெப்பம், உப்பு, நீர்மட்டம் எல்லாம் இப்போது மதுரையில் உட்கார்ந்தே போனில் தெரிகிறதே. தெரிகிறது, சரி. பின்னிரவு இரண்டு மணிக்குத் தொட்டி 31 டிகிரி என்று போன் அலறினால், மதுரையில் இருப்பவர் செய்யக்கூடியது விழித்திருப்பது மட்டுமே. சாவி உள்ள கை ஒன்று முசஃபாவில் இல்லாவிட்டால் அலாரம் வெறும் வேதனை. அதிலும் வேகமாகக் கொல்வது சூடு அல்ல, மூச்சுமுட்டல். கடல்நீர் ஏற்கும் ஆக்சிஜன் சொற்பம், லிட்டருக்கு 7 மில்லிகிராம்கூட வராது. நீர் சூடேற ஏற அதுவும் குறையும். ஏதோ ஒரு பழைய பம்ப் கசிந்து பிரேக்கர் விழுந்தால், ஓட்டமும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் நின்று, மீன் நிறைந்த தொட்டி சில மணி நேரத்தில் திணறும். வைஃபை ரூட்டரும் அதே பிரேக்கரில் இருந்தால் போனும் ஊமை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாமல், இரண்டு ஓட்டப் பம்ப்களை இரண்டு சர்க்யூட்டில் பிரித்து, ஒன்றுக்கு பேட்டரி கொடுத்துவைப்பது எந்த ஆப்பையும்விட மேல்.

பராமரிப்புக் கம்பெனிக்கு மாதக் காசு கட்டிவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. வாரம் ஒருமுறை வருகிறவர் ஒரு வாரத்தில் கெடுவதைத் திருத்துவார். ஆறு மணி நேரத்தில் கெடுவதைத் திருத்த மாட்டார். தவிர, லீவு என்பது எப்போதும் லீவு லெட்டரில் உள்ளபடி முடிவதில்லை. 2021 ஏப்ரல் கடைசியில் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை அமீரகம் நிறுத்தியபோது, இரண்டு வாரத்துக்கென்று ஊருக்குப் போனவர்கள்கூட ஆகஸ்ட் வரை திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஏப்ரல் மழையில் துபாய் விமான நிலையமே நாள்கணக்கில் தடுமாறியது. முப்பது நாளுக்குச் சரியாகத் திட்டமிட்ட தொட்டி முப்பத்தொன்றாம் நாளுக்குத் திட்டமிடாத தொட்டி. கேனையும் பாட்டிலையும் ஒருவர் அவ்வப்போது வந்து நிரப்பும் முறைக்கு மட்டும் நாள் எல்லை இல்லை. அதை ஐந்து வாரத்துக்கும் நீட்டலாம், மூன்று மாதத்துக்கும் நீட்டலாம்.

கடினமான மறுப்பு வேறொன்று: ஆண்டில் ஒரு மாதம் கைவிட வேண்டியவர் எதற்காக உயிர்களை வாங்க வேண்டும்? இதை எளிதாகத் தள்ள முடியாது. என் பதில் எந்த உயிர் என்பதில் இருக்கிறது. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-இல் எழுதிய கட்டுரையில், உயிர்ப்பாறைகளும் காற்றுக்குமிழிகளும் வெயிலும் மட்டுமே கொண்டு கடலுயிர்களை வளர்த்த தன் முறையை விவரித்தார். மேலே சொன்ன கருவிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அதைப் போலவே செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் கருவி குறையக் குறைய உயிர்த்தேர்வு அடக்கமாக வேண்டும் என்பது அதில் தெரிகிறது. எலும்பு கட்டாத மென்பவளங்களுக்குக் கால்சியப் பம்ப்பே வேண்டாம். வழக்கமான நீர் மாற்றம் போதும். நாளுக்கு மூன்று வேளை தீனி கேட்கும் ஆந்தியாஸ் மீன்களைவிட, இரண்டு நாள் பட்டினியைப் பொருட்படுத்தாத கோமாளி மீன் ஜோடி லீவுக்குப் போகிறவருக்குப் பொருத்தம். கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா ஆசை உள்ளவர் லீவைச் சுருக்கட்டும், அல்லது ஆசையைச் சுருக்கட்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கருவியை நிறுத்துவது நியாயமில்லை.

ஆக, எல்லாம் பக்கத்து ஃபிளாட்டுக்காரரிடம் வந்து நிற்கிறது. அவருக்குப் பவளம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அன்பால் மீனைக் கொல்கிறவர்தான் ஆபத்தானவர். பசிக்கிறதே என்று டப்பாவைக் கவிழ்ப்பார். அதனால் மாத்திரை வைக்கும் வாராந்தரப் பெட்டியில் ஒவ்வொரு நாள் தீனியையும் பிரித்துப் போட்டு, டப்பாவைப் பூட்டி வைக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் விடுபட்டாலும் குற்றமில்லை என்று சொல்லிவிட வேண்டும். கேனில் டேப் ஒட்டிக் கோடு, பாட்டிலில் கோடு, தெர்மாமீட்டரில் 29-க்கு நேரே சிவப்புக் கோடு, அதைத் தாண்டினால் யாருக்கு போன் செய்வது என்ற எண். ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்ட்ஓவர் போல ஒரே பக்கம். போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து புது மீன் இல்லை, புதுக் கருவி இல்லை. அதில் ஒரு வாரம் வீட்டில் இருந்துகொண்டே தொட்டியைத் தொடாமல், அந்தத் தாளில் உள்ளதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைச் செய்யச் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை. நாளுக்கு எவ்வளவு ஆவியாகிறது என்ற உண்மையான எண் அப்போதுதான் கிடைக்கும். நான் மேலே போட்ட நான்கு லிட்டர் உங்கள் வீட்டில் இரண்டாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்த இரவு கை பரபரக்கும். கண்ணாடியில் பாசி, ஸ்கிம்மரில் கருப்புச் சேறு, உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 38. ஒரே இரவில் 35-க்குக் கொண்டுவந்தால், ஒரு மாதம் பிழைத்த பவளத்தை வீட்டுக்காரரே கொன்றதாகும்; மூன்று நான்கு நாளில் மெல்ல இறக்க வேண்டும். முதலில் கேனில் ஒட்டிய டேப்பைப் பார்க்கட்டும். எந்த வாரம் எவ்வளவு நீர் குறைந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் பேனாவால் இட்ட கோடுகளில், எந்த வாரத்தில் விசிறி ஓடியது, எந்த வாரத்தில் ஏசி திணறியது என்பது தெரியும்.