முற்றட்டும் என்று காத்திருப்பது ஏன்?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்கு நாம் அறிவுறுத்துகிறோம். ஏரிக்கரையூராகிய அயனம்பாக்கத்தில் இப்பழமொழிக்கு யாரும் பொருள் சொல்லத் தேவையில்லை. நல்ல அறிவுரைதான். ஆயினும், கரையிலேயே நின்றுகொண்டு ஆழத்தைப் பற்றி ஆயுள் முழுவதும் உரையாடிக் கொண்டிருப்போரை என்னென்பது? அவர்களுக்கும் இப்பழமொழியே துணை நிற்கிறது என்பதுதான் வேடிக்கை.

நம் இல்லங்களில் அன்றாடம் காணும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். முதியவர் ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். கோடை கழியட்டும் என்கிறார் மூத்த மகன். பேத்தியின் தேர்வு முடியட்டும் என்கிறாள் மருமகள். புரை நன்றாக முற்றினால்தான் எடுக்க முடியும் என்கிறார் அடுத்த வீட்டுப் பெரியவர். 'கலந்து பேசுகிறோம்' என்று இதற்கு நாம் பெயரிட்டிருக்கிறோம். இதற்குள் அந்த முதியவர் செய்தித்தாளைக் கைவிட்டிருப்பார். மாலை நடையை நிறுத்தியிருப்பார். ஒரு நாள் வாசற்படி தெரியாமல் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடப்பார். அப்போது மட்டும் வண்டி பிடிக்க ஒரு நொடியும் தயங்கமாட்டோம்!

அயனம்பாக்கத்திற்கு அண்மையில், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள நூம்பலில், 2017-ஆம் ஆண்டு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அதன் மாபெரும் கட்டடத்தைக் காண்போர், பெரும் பொருளும் நெடுநாள் திட்டமும் கொண்டு பிறந்த நிறுவனம் இது என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. அதன் வேர் மதுரையில் இருக்கிறது.

அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, இராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய அவா. ஆனால், முப்பது வயதை எட்டும் பருவத்திலேயே கொடிய முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்து நடமாடியபோது கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப் போயிருந்தன. எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாயிருந்த அக்கைகளைக் கொண்டு அவர் கண் மருத்துவம் பயின்றார். அறுவைக் கத்தியைத் தம் விரல்களுக்கேற்றவாறு பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார். இயலுமா, இயலாதா என்று அவர் உட்கார்ந்து ஆராய்ந்திருந்தால், 'இயலாது' என்ற விடையே அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றியிருக்கும்.

1976-ஆம் ஆண்டு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். நம்மில் பலர் சாய்வு நாற்காலியை நாடும் பருவம் அது. உடன்பிறந்தாரைத் துணையாகக் கொண்டு, வீட்டை அடகு வைத்து, மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். பதினொன்றே! நாட்டில் பார்வையிழந்தோர் பல இலட்சம் பேர். பதினொரு படுக்கை எம்மாத்திரம் என்று கேட்போருக்கு அவரிடம் கணக்கு இருந்திராது. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தினர். இல்லாதோர்க்கு இலவசமாகவே அறுவை நடந்தது. பின்னர் எழுந்த பெரிய கட்டடமும் ஒரே மூச்சில் எழுந்ததன்று. கையில் பொருள் சேரச் சேர, தளம் தளமாக உயர்ந்தது.

இன்னொன்று கருதத்தக்கது. இலவசமாக அறுவை செய்கிறோம் என்று சிற்றூர்களில் முகாம் நடத்தியபோது, பரிசோதனைக்கு வந்தோரில் பலர் அறுவைக்கு வரவில்லை. ஏன்? நகரத்திற்கு வரப் பேருந்துக் கட்டணமில்லை, தங்கும்போது உண்ண உணவில்லை, துணைக்கு ஆளில்லை. ஆகவே, முகாமிலிருந்தே அவர்களைப் பேருந்தில் ஏற்றி, உணவும் இடமும் தந்து, அறுவைக்குப்பின் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கம் உருவாயிற்று. அறைக்குள் அமர்ந்து எத்தனை ஆண்டுகள் சிந்தித்தாலும் இது புலப்பட்டிருக்குமோ? முகாமுக்குச் சென்றதனால்தான் தெரிந்தது. ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பக்கத்து மேசையில் ஆயத்தப்படுத்தும் முறையும் வேலைப் பழக்கத்தில் செம்மைப்பட்டதே. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்த காலத்தில், 1992-இல் மதுரையிலேயே அதைச் செய்யத் தொடங்கினர். விலை பன்மடங்கு இறங்கி, ஏழைக்கும் எட்டிற்று. 2006-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெங்கடசாமி மறைந்தார்.

இதைப் படித்துவிட்டு, எண்ணாமல் எதையும் செய்யலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வெங்கடசாமி சிந்திக்காதவர் அல்லர். அவருடைய சிந்தனை வேலையைத் தள்ளிப்போடவில்லை. வேலையோடு கூடவே நடந்தது. நம்முடையதோ பெரும்பாலும் அச்சத்தின் மறுபெயர். அச்சத்தை அச்சமென்று ஒப்புக்கொண்டால், அதை மருத்துவரிடம் சொல்லித் தெளிவு பெறலாம். 'யோசிக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டால் அதற்கு மருந்தே இல்லை.

புரை முற்றட்டும் என்னும் பேச்சுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. அறுவைக்குப்பின் தடித்த கண்ணாடி அணிந்தே பார்க்க வேண்டியிருந்த நாளில், பார்வை மிகவும் குறையும்வரை மருத்துவர்களே பொறுத்திருந்தனர். உள்வில்லை வந்தபின் அந்நிலை மாறிவிட்டது. இப்போது அளவுக்கு மீறி முற்றவிடுவதால் அறுவை கடினமாகும். சிலருக்குக் கண்ணழுத்தம் உயர்ந்து வலியும் வரும். கோடையில் கூடாதென்பதற்கும் மருத்துவத்தில் ஆதாரமில்லை. அன்றியும், மங்கல் எல்லாம் புரையென்று வீட்டிலிருந்தே முடிவு கட்டலாகாது. கண்ணழுத்த நோயாயின், இழந்த பார்வை மீளாது. இருப்பதைத்தான் காக்க முடியும். எது என்பதை ஒரு பரிசோதனை சொல்லிவிடும்.

அழைத்துச் செல்வோர் பழைய மருந்துச் சீட்டுகளையும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்ணும் மாத்திரைகளையும் மறவாமல் எடுத்துச் செல்க. பாவையை விரிக்க மருந்து விடுவார்கள். சில மணி நேரம் கண் கூசும். ஆகையால் முதியவரைத் தனியே அனுப்பாமல், வீட்டிலுள்ள ஒருவர் உடன் செல்வது நல்லது.