பள்ளிக்கூடத்து மானியமும் பெற்றோர் மனமும்

மொழியும் ராஜாங்கமும் – 9

ஒரு மொழி க்ஷீணித்துப்போக வேண்டுமானால் அதைப் பேசக்கூடாதென்று ஒரு ராஜாங்கம் சட்டம் போட்டிருக்க வேண்டும், சட்டத்தை மீறியவர்களைச் சிறையில் அடைத்திருக்க வேண்டும் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நடந்த தேசங்கள் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் மேற்கே, மலையும் மழையும் ஆட்டுமந்தையுமாக இருக்கும், முன்பு நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த வேல்ஸ் என்னும் சிறு நாட்டின் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள், ஒரு தடையுத்தரவும் இன்றி, பெற்ற தாய் தகப்பன்மார் சம்மதத்தோடேயே, பள்ளிக்கூடத்தின் வாயிலாக ஒரு மொழியை அதன் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவிட முடியும் என்பதைக் காண்பார்கள். அதே பள்ளிக்கூடத்தின் வாயிலாக அம்மொழியைத் திரும்பக் கொண்டுவர அந்நாட்டார் கடந்த நூறு ஆண்டுகளாகப் பட்டுவரும் பாட்டையும் காண்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி மொழிக் கொள்கை என்பது நடைமுறையில் எவ்வாறு வேலைசெய்கிறது என்பது விளங்காது.

1536-ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்த சட்டம், நியாயஸ்தலங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்றும், வெல்ஷ் மொழியையே வழங்குகிறவர்கள் அரசாங்க உத்தியோகம் வகிக்கலாகாது என்றும் விதித்தது மெய்தான். பிரபுக்களும் நிலச்சுவான்தார்களும் அதன்பின் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ஆனால் உழுகிற குடியானவனுக்கு உத்தியோகம் எட்டாத தூரத்தில் இருந்தபடியால் அந்தச் சட்டம் அவனைத் தொடவில்லை. 1588-இல் வில்லியம் மார்கன் என்ற பாதிரியார் விவிலியம் முழுவதையும் வெல்ஷ் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். ஆலயத்தில் ஞாயிறுதோறும் செவியில் விழுந்த அந்த வசனநடையே பிற்காலத்து வெல்ஷ் இலக்கிய மொழிக்கு ஆதாரமாக நின்றது. 1731 முதல் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற மற்றொரு பாதிரியார், வயல்வேலை ஓய்ந்திருக்கும் குளிர்கால மாதங்களில் ஊர் ஊராகச் சென்று நடக்கும் சஞ்சாரப் பள்ளிகளை ஏற்படுத்தி, பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்குமாக, வேதத்தை வாசிக்கும் அளவுக்கு வெல்ஷ் எழுத்தைக் கற்பிக்கச் செய்தார். முப்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் அப்பள்ளிகளில் படித்ததாகக் கணக்கு. ஆங்கிலம் கற்பித்து முடித்த பிறகுதான் வேதம் சொல்லிக்கொடுப்பது என்று உட்கார்ந்தால் அதற்குள் எத்தனையோ ஆத்மாக்கள் கரையேறாமல் போய்விடும் என்பதே அவருடைய நியாயம். பாஷாபிமானத்தால் அவர் அதைச் செய்யவில்லை. ஆயினும் பாஷைக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தை அக்காலத்தில் வேறெவரும் செய்ததில்லை.

ஆக, சட்டம் ஏற்பட்டு முந்நூறு ஆண்டுகள் கடந்தும் வேல்ஸில் ஜனங்களின் மொழி வெல்ஷ்தான். மாற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜனங்களுக்குக் கல்வி அளிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடேயே வந்தது.

1839-இல் நியூபோர்ட் நகரில் தொழிலாளர் கிளர்ச்சி. அதையொட்டிய ஆண்டுகளில் கிராமங்களில் சுங்கச்சாவடிகளை உடைக்கும் கலகம். இவற்றுக்கெல்லாம் அறியாமையே காரணம் என்று லண்டனில் இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். 1846-இல் வேல்ஸில் பிறந்தவரான ஒரு பார்லிமெண்டு அங்கத்தினரே, வேல்ஸ் நாட்டுக் கல்வியைப் பற்றி, குறிப்பாக ஏழை ஜனங்கள் ஆங்கிலம் கற்க இருக்கும் வசதியைப் பற்றி, விசாரணை வேண்டும் என்று பிரேரேபித்தார். மூன்று இளம் வக்கீல்கள் கமிஷனர்களாக நியமிக்கப்பட்டார்கள், மூவரும் ஆங்கிலேயர், மூவரில் ஒருவருக்கும் வெல்ஷ் தெரியாது. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேள்விகள் கேட்கப்பட்டன. அவர்கள் திகைத்து நின்றது மந்தபுத்திக்குச் சான்றாகக் குறிக்கப்பட்டது. 1847-இல் நீல அட்டையிட்ட மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்த அறிக்கை, பள்ளிகளின் தரித்திர நிலையைப் பற்றிச் சொன்னவற்றில் உண்மை நிறைய உண்டு. ஆனால் அதோடு நில்லாமல், வெல்ஷ் மொழி முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முட்டுக்கட்டை என்றும், அந்நாட்டுப் பெண்கள் நடத்தை கெட்டவர்கள் என்றும் எழுதிவைத்தது. நாடு கொதித்தது. இன்றளவும் அதை 'நீலப் புத்தகத் துரோகம்' என்றுதான் வெல்ஷ் மக்கள் சொல்லுகிறார்கள். ஆனால் நான் வருந்தத்தக்கதாகக் கருதுவது அக்கொதிப்பின் விளைவைத்தான்: அவதூறு சொன்னவர்கள் முன் தம்மை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற ரோஷம், பிள்ளைகளை எப்படியாவது ஆங்கிலத்தில் தேற்றிவிட வேண்டும் என்ற ஆவேசமாகப் பலருள்ளத்தில் மாறிவிட்டது.

அத்தகைய ஆவேசம் அறிக்கைக்கு முன்பே சில பள்ளிகளில் இருந்ததுண்டு; அதன் அடையாளமாக இன்றும் பேசப்படுவது ஒரு சிறு மரத்துண்டு. 'வெல்ஷ் கூடாது' என்பதன் முதலெழுத்துக்கள் இரண்டைச் செதுக்கி, கயிறு கோத்து, வகுப்பில் வெல்ஷ் பேசியதாகப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அந்தப் பிள்ளை, தன் தோழரில் வேறு யாரேனும் வெல்ஷ் வார்த்தை பேசுவதைக் கேட்டு உபாத்தியாயரிடம் சொன்னால் பலகை அவன் கழுத்துக்கு மாறும், அவனிடமிருந்து அடுத்தவனுக்கு, இப்படி நாள் முழுதும் கைமாறி, பள்ளிவிடும் மணியடிக்கையில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவனுக்குப் பிரம்படி. அடியின் வலி ஒரு நாழிகையில் ஆறிவிடும். ஆனால் சிநேகிதனின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஏழு வயதுக் குழந்தையைப் பழக்கிய பாபத்துக்கு என்ன பிராயச்சித்தம்? வட வேல்ஸில் இப்படியொரு பள்ளியைப் பார்வையிட்ட கமிஷனரே, சகமாணவர் வீடுகளுக்குத் திருட்டுத்தனமாகச் சென்று அங்கே தாய் தகப்பனோடு யார் வெல்ஷ் பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் இது உண்டாக்கியிருப்பதாக அதே நீலப் புத்தகத்தில் கண்டித்து எழுதியிருக்கிறார்.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தப் பலகையை மாட்டும்படி லண்டன் சர்க்கார் ஒருபோதும் உத்தரவு போட்டதில்லை. இது எல்லாப் பள்ளிகளிலும் இருந்ததுமில்லை. செய்தவர்கள் உள்ளூர் உபாத்தியாயர்கள்; அவர்களில் பலர் தாமே வெல்ஷ் பேசி வளர்ந்தவர்கள். சம்பளம் கட்டிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் அதை ஆட்சேபிக்கவில்லை, பல ஊர்களில் விரும்பவும் செய்தார்கள். அவர்களைப் பாஷைத் துரோகிகள் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. சுரங்கத்தில் மேஸ்திரியாக உயரவும், ரயில்வேயில் வேலை பெறவும், லிவர்பூலுக்கோ அமெரிக்காவுக்கோ போய்ப் பிழைக்கவும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. அடுப்படியிலும் ஆலயத்திலும் வெல்ஷ் நிறைந்திருந்தபடியால் அதற்கு ஒரு குறைவும் வராது, பள்ளிக்கூடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்று அவர்கள் நம்பினார்கள். வீடு உள்ளவரை மொழி தானே காப்பாற்றப்படும் என்ற இந்த நம்பிக்கைதான் ஒவ்வொரு தேசத்திலும் பெற்றோரை ஏமாற்றியிருக்கிறது.

பெற்றோர் மனம் இப்படியிருக்க, 1862-இல் சர்க்கார் மானிய முறையை மாற்றியது. தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்பது அதன் சாரம். ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் சோதிப்பார். பரீட்சைக்கென்று தலைக்கு எட்டு ஷில்லிங் வைத்து, தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வீதம் கழித்துக்கொள்வார். வாசிப்பு என்றால் ஆங்கில வாசிப்பு. வெல்ஷில் எவ்வளவு அழகாக வாசித்தாலும் அதற்குக் காலணா கிடையாது. உபாத்தியாயரின் ஜீவனம் பெரும்பாலும் அந்த மானியத்தைப் பொறுத்திருந்தது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பொருள் விளங்குகிறதா என்று பார்க்க அவருக்கு அவகாசம் ஏது? பொருள் தெரியாமலே ஆங்கிலப் பாடத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கச் செய்து இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தினார். ஒரு வரியிலும் வெல்ஷைத் தடுக்காத அந்த விதித்தொகுப்பு, பலகையும் பிரம்பும் சாதிக்காததைச் சாதித்தது. (சென்னை ராஜதானியிலும் இந்தத் தேர்ச்சி மானிய முறை நெடுநாள் நடந்தது என்பதைக் கல்வி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.) ராஜாங்கத்தின் மொழிக் கொள்கை எது என்று அறிய விரும்புகிறவர், அதன் பிரகடனங்களைப் பார்ப்பதற்கு முன் அது எதற்குப் பணம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. 1880-களின் இறுதியில்தான், பலருடைய விடாமுயற்சியால், வெல்ஷ் மொழியும் மானியத்துக்குரிய பாடமாயிற்று.

அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. 1901-இல் நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெல்ஷ் அறிந்திருந்தார்கள். 1911-இல் நூற்றுக்கு 43.5, 1981-இல் நூற்றுக்கு 19-க்கும் கீழ். பழி முழுவதையும் பள்ளியின்மேல் சுமத்துவது நியாயமாகாது. நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆயிரமாயிரம். பிற்பாடு தொழில் நசித்தபோது வேலை தேடி வெளியேறிய வெல்ஷ் குடும்பங்களும் ஏராளம்.

கழுத்தில் அந்தப் பலகையைச் சுமந்த பிள்ளைகளில் ஓவன் எட்வர்ட்ஸ் என்பவர் ஒருவர். மலைக் கிராமத்துப் பையனாகிய அவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியராக உயர்ந்து, தம் நினைவுகளில் அந்த அவமானத்தை எழுதிவைத்து, 1907-இல் வேல்ஸ் பள்ளிகளுக்குத் தலைமை இன்ஸ்பெக்டராகவே வந்து, வெல்ஷ் மொழிக்குப் பள்ளியில் இடம் தேடிக் கொடுத்தார். அவருடைய மகன் இவான் எட்வர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1939-இல் யுத்தம் மூண்டதும் லிவர்பூலிலிருந்து குண்டுவீச்சுக்கு அஞ்சி அனுப்பப்பட்ட ஆங்கிலப் பிள்ளைகளால் அபரிஸ்ட்வித் ஊர்ப் பள்ளி நிரம்பியபோது, வெல்ஷையே போதனா மொழியாகக் கொண்ட ஆரம்பப் பள்ளி ஒன்றைச் சொந்தப் பொறுப்பில் ஏழே பிள்ளைகளோடு தொடங்கினார். 1947-இல் லனெத்லி நகரில் உள்ளூர் ஆட்சிமன்றமே அத்தகைய பள்ளியைத் திறந்தது. 1956-இல் ரில் நகரில் வெல்ஷ்வழி முதல் உயர்நிலைப் பள்ளி வந்தது. அங்கேயும் விஞ்ஞானமும் கணிதமும் முதலில் ஆங்கிலத்திலேதான். ஏனெனில் வெல்ஷில் பாடப்புத்தகமும் இல்லை, கலைச்சொல்லும் இல்லை. ஒவ்வொன்றாக உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் வகுப்பறையைத் தாண்டினால் எங்கும் ஆங்கிலம். லனெத்லிக்கு அருகே லான்கெனெக் என்ற ஊரில் ட்ரெவர் பீஸ்லி என்ற சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவி ஐலீனும் குடியிருந்தார்கள். ஊரில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசுகிறவர்கள்; ஆட்சிமன்ற அங்கத்தினர்களும் அவ்வாறே; வீட்டு வரி நோட்டீசு மட்டும் ஆங்கிலத்தில் வரும். 1952-இல் அத்தம்பதிகள், வெல்ஷில் நோட்டீசு வந்தால் வரி கட்டுகிறோம், இல்லையேல் கட்டமாட்டோம் என்று எழுதினார்கள். கோர்ட்டு சம்மன் வந்தது. அமீனா வந்தார். வீட்டிலிருந்த பியானோ போயிற்று. மேஜை நாற்காலிகள் போயின. மறுபடி சம்மன், மறுபடி ஜப்தி. பிள்ளைகளோடு வெறுந்தரையில் அமர்ந்து அவர்கள் எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். 1960-இல் இருமொழியிலும் அச்சிட்ட வரி நோட்டீசு வந்தது, வரியைக் கட்டினார்கள். கூட்டமில்லை, கோஷமில்லை; ஒரு காகிதத்துக்காக எட்டு ஆண்டு! மொழிக்காக நடந்த போராட்டங்களில் இதற்கு இணையாக நான் மதிப்பவை வெகு சில.

1962 பிப்ரவரியில் ஸாண்டர்ஸ் லூயிஸ் என்ற நாடகாசிரியர் வானொலியில் பேசியபோது இக்குடும்பத்தையே உதாரணமாகக் காட்டி, வெல்ஷ் இன்றி அரசு காரியங்களை நடத்த முடியாத நிலையை உண்டாக்குங்கள் என்று வேண்டினார். அவ்வாண்டே வாலிபர்கள் ஒரு மொழிச் சங்கம் கண்டார்கள். பாதைப் பலகைகள், கோர்ட்டுகள், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாகப் போராடி, 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அரசு அலுவல்களில் வெல்ஷுக்கு உரிய ஸ்தானத்தைப் பெற்றார்கள். 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பள்ளிகளில் வெல்ஷ் கட்டாயப் பாடமாயிற்று.

இப்போது பெற்றோர் மனமும் திரும்பிற்று. கார்டிஃபைச் சுற்றிய தென்கிழக்கில், தங்களுக்கு ஒரு வார்த்தை வெல்ஷ் தெரியாத தாய் தகப்பன்மார், பாட்டனார் இழந்ததைப் பேரன் பெறட்டும் என்று எண்ணியும், வெல்ஷ்வழிப் பள்ளிகளின் நல்ல பெயரை மதித்தும், இருமொழி அறிந்தவனுக்கு உத்தியோக வாய்ப்பு உண்டென்று கணக்கிட்டும், பிள்ளைகளை அப்பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். ஆயினும் அந்தப் பிள்ளைகளில் பலர் வகுப்பில் உபாத்தியாயருக்கு வெல்ஷில் பதில் சொல்லிவிட்டு, மைதானத்தில் ஆங்கிலத்தில் விளையாடுகிறார்கள். வீட்டில் பேச ஆளில்லை. 2021-ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் வெல்ஷ் பேசுவோர் 5,38,300 பேர், அதாவது நூற்றுக்கு 17.8 என்று வந்தது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் பத்தாண்டுக்கு முன் நூற்றுக்கு நாற்பதாக இருந்தது முப்பத்து நான்காகக் குறைந்துவிட்டது. 2050-க்குள் பத்து லட்சம் பேரை எட்டுவது என்று வேல்ஸ் அரசு சங்கற்பம் செய்துகொண்டு நான்கு ஆண்டுகளில் வந்த கணக்கு இது.

வடமேற்கில் க்வினெத் ஜில்லாவில் நிலைமை வேறு. அங்கே ஜில்லா ஆட்சிமன்றம் தன் உள் அலுவல்களையே வெல்ஷில் நடத்துகிறது. குமாஸ்தா முதல் பொறியாளர் வரை கோப்பில் எழுதுவது வெல்ஷ். அங்கே பள்ளியில் படித்த மொழிக்கு மறுநாள் காலை அலுவலகத்தில் சம்பளம் உண்டு. ஜில்லாவில் நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர் இன்றும் வெல்ஷ் பேசுகிறார்கள். வீடு விலையும் வேலையின்மையும் இளைஞரை அங்கிருந்தும் விரட்டுகின்றன என்பது வேறு துயரம். 2025-இல் வேல்ஸ் சட்டமன்றம், பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பிறர் துணையின்றி வெல்ஷில் உரையாடும் திறன் பெற வேண்டும் என்னும் இலக்கோடு ஒரு புதிய கல்விச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதற்கு வேண்டிய ஆசிரியர்களைத் தேடிப் பயிற்றி, அப்பிள்ளைகள் வெளியே வரும்போது அம்மொழியில் ஊதியம் தரும் ஸ்தாபனங்களைத் தெற்கிலும் உண்டாக்கினால் அச்சட்டம் பலிக்கும், உண்டாக்காவிட்டால் பலிக்காது.

கட்டாயப் பாடமாகவும் உத்தியோகத் தகுதியாகவும் 1920-கள் முதலே தன் மொழியை ஆக்கிவைத்த அயர்லாந்தில் என்ன நேர்ந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.