கொழுந்தின் ஈரமும் கொதிநீராவி அட்டவணையும்

மலையகத் தேயிலைத் தொழிற்சாலையின் தலையாய பணி நீரை வெளியேற்றுவதேயாகும். பறித்த கொழுந்தின் நிறையில் நூற்றுக்கு 75 முதல் 80 வரை நீர். உலர்ந்து முடிந்த தேயிலைத்தூளில் எஞ்சுவது ஏறத்தாழ 3 வீதமே. கொழுந்தில் 78 வீதம் நீர் எனக் கொள்ளின், ஒரு கிலோகிராம் தூளுக்கு 4.4 கிலோகிராம் கொழுந்து வேண்டும், 3.4 கிலோகிராம் நீர் ஆவியாதல் வேண்டும்.

இதற்குரிய வெப்பத்தைக் கணிக்கத் துணைபுரிவது கொதிநீராவி அட்டவணை. அறிவியலின் இப்பகுதி தூய சிந்தனையில் முளைத்ததன்று. நீராவி எந்திரங்களின் தேவை கருதிப் பிரெஞ்சு அரசு செய்வித்த ஆய்வுகளின் பயனாக ரெஞோ 1847இல் வெளியிட்ட அளவீடுகளே இத்தகைய அட்டவணைகளுக்கு வழிவகுத்தன. அட்டவணையில் இறுதி நிலைக்குரிய வெப்பவுள்ளுறையிலிருந்து தொடக்க நிலைக்குரியதைக் கழித்தால் வேண்டிய வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோகிராம் நீருக்கு 20 பாகை செல்சியஸில் 84 கிலோயூல். 100 பாகையில் 419. அதே பாகையில் ஆவிக்கு 2,676. அவ்வாவியை அதே அமுக்கத்தில் 150 பாகைக்குச் சூடாக்கின் 2,776. ஆகவே நீரைச் சூடாக்க 335, ஆவியாக்க 2,257, ஆவியை மேலும் சூடாக்க 100 கிலோயூல் மட்டுமே. பெரும்பங்கு, வெப்பமானி சிறிதும் அசையாத இடைக்கட்டத்திற் செலவாகின்றது. (இம்மறைவெப்பத்தை மறைந்த உழைப்புக்கு உவமையாக்கும் ஆசை எழுவது இயல்பு; உவமை விளக்கமாகாது.)

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதிக்கும். எனவே விறகு மிஞ்சுமா? அட்டவணை இல்லை என்கின்றது. 94 பாகையில் ஆவிக்குரிய பெறுமானம் 2,666. பத்துக் கிலோயூல்தான் குறைவு. உலர்த்தியிலும் நீர் கொதிப்பதில்லை. சூடான காற்றில் ஆவியாகின்றது. 40 பாகையில் ஆவியாயினும் பெறுமானம் 2,574. 84 நீங்க 2,490. எங்கே எப்படி ஆவியானாலும் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2,500 கிலோயூல் தப்பாது. காற்றில் உலர்ந்த விறகு கிலோகிராமுக்கு 15,000 அளவில் தரும். ஆகவே இழப்பே இல்லையெனினும் ஒரு கிலோகிராம் தூளுக்கு அரைக் கிலோகிராமுக்கு மேல் விறகு வேண்டும். புகைபோக்கி வழியும் வெளியேறும் காற்றோடும் போவது வேறு.

தொழிற்சாலைக்குள் நீர் இவ்வாறு வீதமாகவும் கிலோயூலாகவும் விறகாகவும் கணிக்கப்படுகின்றது. மலையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிலை வேறு. மழைநாளில் கொழுந்து நனைந்திருப்பதாகக் கூறிக் கூடைக்கு இத்தனை கிலோகிராம் எனக் கழிக்கும் வழக்கத்தைத் தோட்டங்களிற் காணலாம். இலைமேல் நின்ற மழைநீருக்குக் கூலி கொடுக்க முடியாது என்ற வாதத்தில் நியாயமுண்டு. அதனை உலர்த்தவும் 2,500 கிலோயூல் வேண்டும். ஆயின் எவ்வளவு நீர் என்பதை முடிவுசெய்வது தராசன்று, நிறுப்பவரின் கண். அவ்விரண்டு மூன்று கிலோகிராமே முழுப்பேரை அரைப்பேராக்கப் போதுமானது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் இடம்பெறுவது தற்செயலன்று.

இந்நீரை அளப்பது அரிதன்று. நனைந்த கொழுந்தில் ஒரு பிடியை நிறுத்து, மேற்பரப்பு நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, மீண்டும் நிறுத்தால் வீதம் தெரியும். அதற்கு அட்டவணைகூட வேண்டியதில்லை. கொழுந்து கொண்டுவந்த பெண்ணின் கண்முன்னே வைத்த ஒரு சிறு தராசு போதும்.